களத்துச் சுணை

ஷிஃபா,

நீங்கள் வந்த அன்று காபியில் சர்க்கரை சற்றுத் தூக்கலாகிவிட்டது. முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடமாகக் காபி போடுவது நான்தான், இன்னும் எனக்குக் கைப்பக்குவம் வரவில்லை. என் மனைவிக்குக் கண் தெரியாது என்பதால் அடுப்படி என் பொறுப்பு. கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்களை மாதிரி ஒரு கணவர் கிடைக்க அம்மா குடுத்து வெச்சிருக்கணும் சார்" என்றீர்கள். திருவையாற்றில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான். வழக்கமாகத் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன், அன்றும் அப்படித்தான் செய்தேன்.

நிறுவனத்தின் மலருக்காக என் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பதினொன்றுக்குத் தனித்தாளில் பதில் வைத்திருக்கிறேன். எங்கே படித்தேன், எந்தத் தொலைநோக்கி, விண்மீன் மண்டலங்களின் மேல் ஆசை எப்படி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பதாவது கேள்வியை நீங்கள் ரொம்பப் பதமாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு விண்மீன் மண்டலங்களை இணைக்கும் மெல்லிய ஒளிக்கோடு ஒன்றை 1988இல் நான் கண்டுபிடித்ததாகவும், அது 'பஞ்சநாதன் பாலம்' என்ற பெயரில் பாடப்புத்தகம் வரை போனதாகவும், ஆனால் இன்றைய கருவிகள் எடுத்த படங்களில் அந்த இடத்தில் வெறும் இருட்டுதான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 'பிலிமில் ஏதாவது பழுது இருந்திருக்குமோ சார்?' என்று எனக்கு ஒரு வழியும் காட்டியிருந்தீர்கள். நல்ல பிள்ளை நீங்கள்.

அந்தப் பாலம் வானத்தில் இல்லை. அது எனக்கு 1990லேயே தெரியும்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகரத்தினத்துக்குப் பூம்புகார். அவள் அப்பா கடலுக்குப் போனவர். தண்ணீரின் நிறம் ஒரு நூல் மாறினாலும், கீழே மீன் கூட்டம் நிற்கிறது என்று படகில் இருந்தே சொல்லிவிடுவாராம். அந்தக் கண்தான் இவளுக்கும். மாயவரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எங்கள் நிறுவனத்தில் தகட்டறை உதவியாளராக வந்தாள். வானத்தைப் படம் பிடித்த தகடுகளை ஒளிமேசையில் வைத்து, லென்ஸ் வழியாக ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து, எது நட்சத்திரம், எது மண்டலம், எது கீறல் என்று பிரிப்பதுதான் அங்கே வேலை. நான் ஒரு தகட்டில் நாற்பது மண்டலம் கண்டுபிடித்தால் அவள் எழுபது காட்டுவாள். அந்த முப்பதும் நிஜமாக இருக்கும். என் பெயரில் வந்த ஆயிரத்துச் சொச்சம் மங்கலான மண்டலங்களின் அட்டவணையில் பாதிக்கு மேல் அவள் பார்த்தவை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறேன். அப்போது அதுதான் வழக்கம், நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

வேறு வேறு சாதி என்பதால் பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டோம். முதல் பொங்கலுக்கு ஊருக்கு அழைத்து வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே களம். என் அப்பா இளையபெருமாள் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வயலில் கூலிக்கு அறுத்தவர், கடைசியில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். அந்த நெல்லைத் தூற்றும்போது இவள் ஆசையாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள். நெல் உமியின்மேல் பூனை முடிபோல மெல்லிய ரோமம் இருக்கும், அதைச் சுணை என்போம். காற்றில் பறந்து வந்து தோலில் குத்தினால் அரிப்புத் தாங்காது. இரண்டு நாள் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு சுற்றினாள். சும்மா இருந்தாளா, புடவையில் ஒட்டியிருந்த ஒரு சுணையைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து, நிறுவனத்து லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தாள். "ஒரு பக்கம் தடிச்சு, இன்னொரு பக்கம் ஊசியா இருக்குங்க, எவ்ளோ அழகு பாருங்க" என்றாள். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை ஊதித் தள்ளினேன்.

ஏன் ஊதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் என் பெயரே சுணை. விடுமுறையில் அப்பாவோடு அறுப்புக்குப் போய்விட்டு நேராக வண்டியேறி வருவேன். படுக்கையிலெல்லாம் சுணை உதிரும். பக்கத்துக் கட்டில்காரன் கட்டிலை நகர்த்திப் போட்டான். அதற்குப் பிறகு மூன்று வருடம், 'ஏ சுணை' என்றால் நான் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இயக்குநர் தியாகேசன், "காவிரிக்கரையா? மிராசுதார் குடும்பமா?" என்று கேட்டார். நான் புன்னகை செய்தேன். பொய் என்று எதுவும் சொல்லவில்லை. அந்தப் புன்னகையை வைத்துக்கொண்டே கடைசி வரை அங்கே மரியாதையாக இருந்தேன்.

இனி அந்தப் பாலம். 1988 பொங்கல் சமயத்தில் ஒரு கருத்தரங்குக்கு அவசரமாகப் படங்கள் தேவைப்பட்டன. நிறுவனத்தின் இருட்டறையில் எனக்கு முறை கிடைக்கவில்லை. விதிக்கு மாறாக, வான வரைபடத்தின் பிலிம்களைப் பெட்டியில் வைத்து ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன். எங்கள் வீட்டு நடு அறையின் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பிலிமின்மேல் பிலிமை அழுத்தி, நொடிக்கணக்கில் வெளிச்சம் காட்டி நகல் எடுத்தேன். மங்கலான ஒளியைக்கூட இந்த முறையில் பளிச்சென்று கொண்டுவரலாம். மூலப் பிலிமில் நட்சத்திரம் கறுப்பாக இருக்கும், வெளிச்சத்தை மறைக்கும். ஆகவே நடுவில் வேறு எது வந்து வெளிச்சத்தை மறைத்தாலும், நகலில் அதுவும் வானத்து ஒளி போலவே பதியும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். நான் நகல் எடுத்த அன்று வெளியே அப்பா நெல் தூற்றிக்கொண்டிருந்தார்.

நிறுவனத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், ஒரு நகலில் இரண்டு மண்டலங்களுக்கு நடுவே மெல்லிய கோடு. பிலிமில் அரை மில்லிமீட்டர், வானத்தில் லட்சம் ஒளியாண்டு. நாகரத்தினம் அப்போது அவள் அப்பா இறந்து பூம்புகாரில் இருந்தாள். அவள் திரும்பும் வரை நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்காமல் கட்டுரையை அனுப்பினேன், அது அமர்க்களமாகப் போனது. வெளிநாட்டுக்கு இரண்டு முறை அழைத்தார்கள். மேடையில் என் பெயரோடு பாலம் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார்கள். என்னை ஒருகாலத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, அடுத்த கட்டுரைக்காக அவள் அந்த நகலை எடுத்து அளந்தாள். பிறகு மூலப் பிலிமை எடுத்தாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பிலிம்கள். சாயங்காலம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. அது வானத்துல இல்லை. ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் ஊசியா இருக்கு. நம்ம வீட்டுக் களத்துச் சுணைங்க அது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் கேலி இல்லை, ஷிஃபா. குழந்தை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் பெற்றவள் சிரிப்பாளே, அந்த மாதிரிச் சிரிப்பு. எனக்கு அது விடுதிச் சிரிப்பாகக் கேட்டது.

"தப்பாப் போச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடலாம். யாரும் தலையைச் சீவிட மாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. பெரிய பெரிய ஆட்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் காரணம் என்ன என்று கேட்பார்கள். பிலிம் எங்கே இருந்தது, ஏன் வீட்டுக்குப் போனது, அந்த வீட்டுக்கு எதிரே என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன், சரி என்றாள்.

அந்த மாதத்துக்குள் வெளிநாட்டுக் குழு ஒன்று, பாலம் தங்கள் படத்தில் தெரியவில்லை என்று தியாகேசனுக்கு எழுதிவிட்டது. நம் தகட்டறையிலேயே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றார் அவர். சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் ஆள் நாகரத்தினம். செவ்வாய்க்கிழமை என்று நாளும் குறித்தார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நான் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம் எனக்குக் கண்ணில் அழற்சி வந்திருந்தது. டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் கண்மணி அகலமாக விரிந்து ஒரு வாரத்துக்குமேல் அப்படியே நிற்கும். தூரத்தில் பஸ் வருவது தெரியும், கையிலிருக்கும் எழுத்துத் தெரியாது. வேறு கெடுதல் இல்லை என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். பழைய சீட்டைக் காட்டினேன், மருந்துக் கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குப்பியைத் தண்ணீரில் ஊறவைத்து, மருந்தின் பெயர்த்தாளை உரித்தேன்.

ஒளிமேசையில் நாளெல்லாம் குனிந்திருந்ததில் அவளுக்குக் கண் எரிச்சல் இருந்தது. "கண் சூடு. குளிர்ச்சிக்கு மருந்து போடறேன், படு" என்றேன். என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். கண்ணுக்கு ஒரு சொட்டு. என்ன மருந்து என்று கேட்கவில்லை. "இப்படியெல்லாம் நீங்க எனக்குச் செஞ்சதே இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை தியாகேசன் பக்கத்தில் நிற்க, ஒரு மணி நேரம் லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தாள். "மங்கலா இருக்கு சார். இல்லைன்னு அடிச்சுச் சொல்ல என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை வரலை" என்றாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாலம் இல்லை என்பதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை போயிற்று.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண் தெளிந்ததும் இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை, கண்ணுக்கு ஒரே ஒரு சொட்டு. நான் அளவு தெரியாமல் போடவில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்திருந்தோம். காலையில் படித்துறையில் சரியான கூட்டம், ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். புதுத் தாலிச்சரடு கட்டிக்கொண்டு நின்றவள் என் கையைப் பிடித்தாள். "தலை பிளக்குதுங்க. பூஜைக்கு வெச்ச அந்த விளக்கைச் சுத்தி வளையம் தெரியுது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு" என்றாள். வலியிலும் நிறத்தை வரிசையாகச் சொன்னாள் பாருங்கள். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கண் இரண்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டன.

சிலருக்குக் கண்ணின் உள்ளமைப்புக் குறுகலாக இருக்குமாம். கண்மணி விரிந்தால் உள்ளே நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடுமாம். பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் கண்மணி விரிந்திருக்கிறது, எந்த டாக்டர் பார்த்தாலும் என்ன போட்டீர்கள் என்று கேட்பார்.

தஞ்சாவூர் அரைமணி நேரம். வாசலிலேயே பஸ் நிற்கும்.

ஒற்றைத் தலைவலி, இருட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். நடு அறை ஜன்னலில் பழைய கம்பளியையே மாட்டினேன். இரண்டு நாள் அவளை அங்கே படுக்க வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து, சின்ன அளவுகோலைக் கண்ணருகே பிடித்துக் கண்மணியின் அகலத்தைக் குறித்துக்கொண்டேன். ஏழு மில்லிமீட்டர். மறுபடி ஏழு. ஆறரை. நான்குக்கு வந்தால் கிளம்பலாம் என்று கணக்கு வைத்திருந்தேன். அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அப்பா இரண்டு முறை வண்டி பிடிக்கப் போனார், நான் நிறுத்தினேன். படித்த மகன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் தவித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில், "டார்ச் அடிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். நான் அவள் கண்ணுக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பஸ்ஸில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கண்ணுல ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா?"

நாகரத்தினம் வாய் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "விளக்கெண்ணெய் விட்டோம் டாக்டர். எங்க பக்கம் கிராமத்துல அப்படித்தான் வழக்கம்."

"படிச்சவங்கதானே நீங்க? காட்டான் மாதிரி நடந்துக்கிறீங்களே" என்று கத்தினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எந்த ஊரை மறைக்க இவ்வளவும் செய்தேனோ, அந்த ஊரின் மேலேயே பழியையும் போட்டேன். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது எழுதும்போது காது மடல் சுடுகிறது.

நாகரத்தினம் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த வலியில் நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்காது.

கண் வரவில்லை. நான் பேராசிரியரானேன், விருது வாங்கினேன், ஓய்வு பெற்று இங்கே வந்தேன். அவளைக் குளிக்க வைத்தேன், தலை பின்னினேன், என் கட்டுரைகளையெல்லாம் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நோயில் மறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். கண்ணில் அழுத்தம் ஏறாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து போட வேண்டும். முதல் முறை போட்டபோது அவள், "அப்போ போட்டது தொண்டையில இறங்கிக் கசக்கும். இது கசக்கலைங்க" என்றாள். நாக்கு மாறியிருக்கும் என்றேன். ஆமாம், இருக்கும் என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

நீங்கள் வந்துபோன மறுநாள், "அந்தப் பொண்ணு நல்லா விவரமாக் கேக்குது. பதில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவசரமில்லை, பொறுமையாக எழுதுங்கள் என்றாள். இப்போதும் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள், மருந்து போடும் நேரமாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். முப்பத்தைந்து வருடமாக என் கைக்கு அப்படித்தான் முகத்தைக் கொடுக்கிறாள். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஷிஃபா. அவளுக்கு அது தெரியாது என்பதால் பார்க்காமலேயே போட்டுவிடுகிறேன்.

ஆகவே நடந்ததை அப்படியே போடுங்கள். தெரிந்தேதான் என் மனைவியின் கண்ணில் அந்த மருந்தை விட்டேன். தெரிந்தேதான் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அட்டவணையில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள். போலீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் இந்தத் தாள்களையே கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாவது கேள்வியில் பிலிமில் பழுது என்று நீங்களே ஒரு காரணம் சொல்லியிருந்தீர்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். களத்துச் சுணை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சிரிப்பார்கள்.

இப்படிக்கு,
இ. பஞ்சநாதன்